தனியப் போன பயணத்தில மனசை விட்டுப் போகாத ஆக்கள்

வாவிக்கரையான்:
அஞ்சு மாசம் தனியச் சுத்தி, இன்னும் மூண்டு நாளில மட்டக்களப்பு. வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மலேசியா எல்லாம் ஊருக்கு வந்து எழுதுறன். இப்ப சுமாத்திராவில, பண்டா ஆச்சேயில இரிக்கன். நேத்து நடந்ததை இறக்கி வைக்காம எனக்கு நித்திரை வராது.

லம்புலோவில வீட்டுக் கூரைக்கு மேல ஏறி நிக்கிற மீன்பிடி வள்ளம், படத்தில பாத்திருப்பீங்க. 2004 சுனாமியில 59 பேர் அதில ஏறித் தப்பினது. அதுக்குக் கிட்ட ஒரு அம்மா கோப்பிக்கடை வச்சிரிக்கா. எந்த நாடு எண்டு கேட்டா. ஸ்ரீலங்கா எண்டதும் கோப்பியை வச்சிட்டு எனக்கு முன்னால இருந்திட்டா. போனில மொழிபெயர்ப்பைப் போட்டுத்தான் கதைச்சம். நான் நாவலடி, அப்ப எனக்கு ஒன்பது வயசு, அம்மாவும் நானும் டவுனுக்குப் போயிருந்தம், அப்பாவும் தங்கச்சியும் போயிட்டாங்க எண்டு சொன்னன். மறுகா, உங்களுக்கு எத்தினை மணிக்கு வந்தது எண்டு கேட்டா. பூமி ஆடி ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எண்டன். அவ அதைத் திருப்பித் திருப்பி வாசிச்சா. அவங்களுக்குக் கிடைச்சது இருபது நிமிசமளவுதான். எதையோ அடிச்சிட்டு போனை என்ட பக்கம் திருப்பினா.

"ரெண்டு மணித்தியாலமா? ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லல்லியா?"

நான் அந்த வசனத்தைப் பாத்துக்கொண்டே இருந்தன். இருபது வருசமா எங்கட வீட்டில "கடல் வந்திச்சி, கொண்டு போயிட்டு" எண்டதோட கதை முடிஞ்சிரும். அந்த ரெண்டு மணித்தியாலத்தை நான் ஒருநாளும் நினைச்சதே இல்ல. அதுக்குள்ளதான் தங்கச்சி நானும் டவுனுக்கு வாறன் எண்டு அழுதவ. அம்மாட்ட இதைச் சொல்லுறதா, விடுறதா?

காரைதீவுப் பிள்ளை:
தம்பி, வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எழும்பி நடந்தன். என்ட கதை சின்னது. வியட்நாமில மி சோன். சம்பா ராசாக்கள் பத்திரேசுவரர் எண்டு சிவனை வச்சுக் கும்பிட்ட இடம், 1969இல அமெரிக்கக் குண்டு விழுந்து பெரிய கோபுரம் அப்பிடியே போயிட்டு. வெயிலில ஒரு லிங்கம் தனியக் கிடந்திச்சி. செருப்பைக் கழட்டிட்டுத் தேவாரம் ரெண்டு வரி சொன்னன். சுத்தி நிண்ட ஆக்கள் படம் எடுத்தாங்க. நிலத்தைக் கூட்டிக்கொண்டு நிண்ட வயசான ஒருத்தர் மட்டும் விளக்குமாத்தைச் சாத்தி வச்சிட்டு, நான் முடிக்குமட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிண்டார். அவருக்கு நன்றி சொல்லாமலே வந்திட்டன். இப்பவும் அந்த விளக்குமாறுதான் ஞாபகம் வருது.

மருதமுனை நானா:
தம்பி, ரெண்டு மணித்தியாலம் எண்டது சரிதான். இப்பத்தை நேரத்தை வச்சுக் கணக்குப் பாத்து ரெண்டரை மணித்தியாலம் எண்டும் சில பேர் சொல்லுவாங்க, அது பிழை. ஆட்டம் வந்தது ஆச்சே நேரம் 7.58. எங்களுக்கு 6.58. அப்ப நம்மட மணிக்கூடு அரை மணித்தியாலம் முந்தி ஓடினது, 2006இலதான் பின்னுக்கு எடுத்த.

ஆனா அந்தம்மா கேட்டதுக்குப் பதில் இரிக்கி. ஹவாயில இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்துக்கு ஆட்டம் விளங்கினது, நம்மட சமுத்திரத்துக்கு எச்சரிக்கிற ஏற்பாடுதான் அப்ப இல்ல. நான் உம்றாவுக்குத் தனியப் போன நேரம், மதீனாவில பக்கத்தில இருந்து சாப்பிட்டவர் சிமெலுவே தீவு. பூமி ஆடின இடத்துக்கு ஆகக் கிட்டக் கிடக்கிற தீவு அது. 1907இல வந்த அலைக்குப் பிறகு "ஸ்மொங்" எண்டு ஒரு சொல்லைத் தாலாட்டிலயே பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்திரிக்காங்க. ஆடினா மலைக்கு ஓடு, அவ்வளவுதான். கிட்டத்தட்ட 78,000 சனத்தில ஏழு பேர்தான் மௌத்து. அவர் அந்தச் சொல்லை என்ட காதுக்குள்ள சொல்லிட்டு, நீங்களும் சொல்லுங்க எண்டார். நாட்டிலயே ஆகக் கூட ஆக்களைக் கடலுக்குக் குடுத்தது எங்கட அம்பாறை மாவட்டம். எங்கட உம்மாமாருக்கு அந்தச் சொல்லுத் தெரியாது, தம்பி. சொல்லியிருக்க ஏலாது.

களுதாவளையான்:
நான் தாய்லாந்தில ஒரு மாசம் தனியா. சியாங்மாயில காய்ச்சலோட கிடக்க, விடுதிக்காரம்மா கேக்காமலே கஞ்சி கொண்டு வந்தா. அவட கையை மறக்க மாட்டன்.

தம்பிக்கு ஒண்டு சொல்லுறன். கட்டுநாயக்காவில இறங்கின உடனே இரவு பஸ்ஸில ஏறாத. கொழும்பில ஒருநாள் நித்திரை கொண்டிட்டு, காலையில உதயதேவி ரயிலில வா. வெலிக்கந்தை, வாழைச்சேனை எண்டு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வரும், மனசும் ஆறும். மிச்ச இந்தோனேசிய ருபியாவை அங்கயே மாத்து, இஞ்ச வாங்குறது கஷ்டம். படங்களை ரெண்டு இடத்தில ஏத்தி வை. முதல் கிழமை ஒருத்தருக்கும் பயணக் கதை சொல்லப் போகாத, எவ்வளவு முடிஞ்சது எண்டுதான் கேப்பாங்க. அம்மாட்ட போனில சொல்லாத. நேரில, சாப்பிட்ட பிறகு, பக்கத்தில இருந்து சொல்லு. அழுதா அழ விடு.

காரைதீவுப் பிள்ளை:
அண்ணா, நேரில எண்டுறீங்க. அம்மாட முகத்தைப் பாத்தா இவர் சொல்லவே மாட்டார். என்னால ஏலாமப் போன விசயங்கள் எல்லாம் அப்பிடித்தான் கிடக்கு.

வாவிக்கரையான்:
நானாட பதிலை வாசிச்சிட்டு இரவே அம்மாட்ட எடுத்திட்டன். எல்லாம் சொன்னன். கனநேரம் ஒண்டும் கதைக்கல்ல. லைன் விட்டுட்டு எண்டு நினைச்சன். பிறகு கேட்டா, "அந்த மனுசிக்கு ஆரெல்லாம் போன மகன்?"

நான் கேக்கவே இல்ல. என்ட கதையை எல்லாம் சொல்லி, அவ தந்த கோப்பியையும் குடிச்சிட்டு எழும்பி வந்திட்டன்.

கோலாலம்பூர் பிளேன் நாளைக்குப் பின்னேரம்தான். விடிய லம்புலோவுக்குப் போறன்.