வீட்டுக் கணினிக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா?

கேள்வி: விண்டோஸ் 11 மடிக்கணினி. அப்பா வங்கிக் கணக்கையும் இதில்தான் பார்க்கிறார். விண்டோஸின் கூடவே வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் போதுமா?

பதில் 1: தாராளமாகப் போதும். ஆனால் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்கிற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) தடுப்பு தானாக ஆன் ஆகியிருக்காது. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் நீங்களே ஆன் செய்யுங்கள். அப்புறம் ஏதாவது மென்பொருள் கோப்பைச் சேமிக்க முடியாமல் முரண்டு பிடித்தால், அதை மட்டும் அனுமதித்துவிடுங்கள்.

பதில் 2: வேறு இலவச ஆன்டிவைரஸ் போடுமுன் யோசியுங்கள். பயனர்களின் உலாவல் விவரங்களை விற்றதற்காக அவாஸ்ட் என்கிற ஆன்டிவைரஸ் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2024-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி சொன்னது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

கேட்டவர்: சரி, அப்போ கட்டணப் பதிப்பு யாருக்கு?

பதில் 1: பல கணினி, ஃபோன்களுக்குப் பாதுகாப்பு, குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, விபிஎன் (இணைய இணைப்பை மறையாக்கம் செய்யும் சேவை) எல்லாம் ஒரே சந்தாவில் வேண்டும் என்பவர்களுக்கு. அப்பாவின் கணக்குகளுக்கு முதலில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) போட்டுக்கொடுங்கள்.