கோத்தகிரி பங்களாவுல 80-கள் பாணி கிறிஸ்துமஸ் ஸ்லாஷர்: ரத்தம், கத்தி, லைட் எப்படி?

ரீல்_மூடுபனி:
வணக்கம். 12 நிமிஷக் குறும்படம் ஒண்ணு எடுக்கிறோம். கதை முழுக்க ஒரே கிறிஸ்துமஸ் ராத்திரி, கோத்தகிரி பக்கம் பழைய எஸ்டேட் பங்களா. 80-கள்ல வந்த மலிவு பட்ஜெட் பண்டிகை ஸ்லாஷர் (கொலைகாரன் ஒருத்தன் ஒவ்வொருத்தரா வெட்டிச் சாய்க்கிற படம்) மாதிரி இருக்கணும்: முகமூடி, கொலைகாரன் கண் வழியா நகர்ற கேமரா, கண்ணை உறுத்துற சிவப்பு ரத்தம். டிசம்பர் மூணாவது வாரம் ஷூட். ஆறு பேர், ஒரு மிரர்லெஸ் கேமரா, கையில 20,000 ரூபாய். கொலை சீன் மூணு. ரத்தம் எப்படிக் கலக்கணும், கத்தி இறங்குறதை எப்படிக் காட்டணும், ராத்திரி வெளிச்சத்துக்கு என்ன வழி? கடைசியில தேயிலைத் தோட்டத்துல ஒரு துரத்தல் இருக்கு. கொலைகாரனுக்கு சாண்டா டிரெஸ், கையில கோடாலி.

கேத்தி_மேக்கப்:
ரத்தத்துக்கு பேக்கரி சாமான் கடையில லிக்விட் குளுக்கோஸ் வாங்குங்க. 500 கிராமுக்கு வெதுவெதுப்பான தண்ணி 150 மில்லி. சிவப்பு ஃபுட் கலரை அரை ஸ்பூன் அரை ஸ்பூனா விட்டுக்கிட்டே வாங்க. கேசரி பவுடர் வேண்டாம், ஆரஞ்சாத்தான் தெரியும். வெறும் சிவப்பு மட்டும் போட்டா ரோஸ்மில்க் நிறம்தான் வரும். ஒரு ஸ்பூன் கோகோ பவுடரைத் தனியா வெந்நீர்ல குழைச்சு ஊத்துங்க (நேரா கொட்டினா கட்டி கட்டியா மிதக்கும்), நீல கலர் ஒரே ஒரு சொட்டு. கோகோதான் கண்ணாடி மாதிரி தெரியுற பாகை ரத்தமாக்குது. ஷூட்டுக்கு வைக்கப்போற லைட்டுக்குக் கீழயே வெச்சு கேமராவுல பாருங்க. நீல வெளிச்சத்துல இது கறுப்பாத் தெரியும், அந்த சீனுக்கு கோகோவைப் பாதியாக்கணும்.

துணியில ஊறணும்னா பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு ஸ்பூன். இல்லேன்னா ஸ்வெட்டர் மேல முத்து முத்தா உருண்டு ஓடும். வாய்க்குப் போற பாட்டில்ல இதைச் சேர்க்கவே கூடாது. அந்த பாட்டிலுக்குத் தனி மூடி, தனி அடையாளம். பழைய ஹாலிவுட் ஃபார்முலாவுல ஃபோட்டோ கழுவுற திரவம் ஒண்ணு வரும். அது விஷம், அந்த ரெசிபியை அப்படியே எடுத்துக்காதீங்க.

சமவெளியில இருக்கிறவங்க சொல்லாத விஷயம் ஒண்ணு. டிசம்பர் ராத்திரி குளிர்ல இந்தப் பாகு தேன் மாதிரி இறுகிடும், சிரிஞ்ச் பிஸ்டன் நகராது. கூடத் தண்ணி ஊத்திச் சமாளிக்கலாம்னு தோணும், ஆனா உள்ள கணப்பு எரியுற அறைக்கு வந்ததும் தண்ணியா ஓடிடும். கலவையை மாத்தாம, பாட்டிலை வெந்நீர் வாளியில நிறுத்தி வெச்சு, டேக்குக்கு முன்னாடி மட்டும் எடுங்க. சாகுற ஒவ்வொருத்தருக்கும் ஒரே மாதிரி மூணு சட்டை வேணும். துவைச்சுக் காயவெச்சு அடுத்த டேக் போகலாம்னு இந்த ஊர்ல, அந்த மாசத்துல நினைக்கவே வேண்டாம்.

பழைய_விஎச்எஸ்:
முதல்ல சாண்டா விஷயம். 1984 நவம்பர்ல 'சைலண்ட் நைட், டெட்லி நைட்' வந்தப்போ, கோடாலி தூக்கின சாண்டா டிவி விளம்பரத்துல வந்ததுதான் பெற்றோர்களைக் கொதிக்க வெச்சுது. விநியோகஸ்தர் விளம்பரத்தை நிறுத்தி, படத்தையே தியேட்டர்ல இருந்து எடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடியும் கொலைகார சாண்டா படங்கள் வந்திருக்கு, இவ்வளவு சத்தம் இல்ல. சாண்டா இப்போ தேய்ஞ்சுபோன வேஷம். உங்க ஊர்லயே அதைவிட நல்லது இருக்கு: மங்கி கேப், கம்பளி, கையில கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியை வெட்டி விடுற கத்தி). பாக்குறவனுக்கு இது நம்ம ஊர்னு பட்டாத்தான் பயம் வரும். கத்தியை மரத்துல செதுக்கி வெள்ளி பெயிண்ட் அடிங்க, இரும்பு வேண்டாம்.

வெட்டுறதுக்கு: கத்தியோட கேமராவுக்குத் தெரியாத பக்கத்துல மீன் தொட்டி ஏர் டியூபை ஹாட் க்ளூவால ஒட்டி, நுனி வெட்டு விளிம்புக்கு அரை இன்ச் முன்னாடி நிக்கட்டும். மறுமுனையில 50 மில்லி சிரிஞ்ச். தோல்ல கத்தியை இழுக்கும்போதே மெல்ல அழுத்தினா, பின்னாலயே கோடு விழும். டியூபுக்குள்ள காத்து இருந்தா முதல்ல புர்ர்னு துப்பும், ஷாட் காமெடியாயிடும். முழுக்க நிரப்பி, நுனியை விரலால அடைச்சு, டேக் சொன்னதும் விடுங்க.

குத்துறதுக்கு ரிவர்ஸ் ஷாட் போதும்: கத்தியை உடம்புல தொட்டு வெச்சு வேகமா வெளிய இழுங்க, எடிட்ல திருப்புங்க. யாருக்கும் அடிபடாது. ஆனா மலையில ஒரு சிக்கல், மூச்சு ஆவி. திருப்பினா ஆவி வாய்க்குள்ள திரும்பிப் போறது அப்பட்டமாத் தெரியும். ரெண்டு பேரும் அந்த ரெண்டு செகண்ட் மூச்சைப் பிடிக்கணும், இல்லேன்னா வாயில ஐஸ் கட்டி வெச்சிருந்து டேக்குக்கு முன்னாடி துப்பணும். ரத்தம் வழியுற ஷாட்டைத் திருப்பவே கூடாது, சொட்டு மேல ஏறும்.

'ஃப்ரைடே தி 13த்'ல (1980) கட்டிலுக்கு அடியில இருந்து அம்பு கழுத்தைத் துளைச்சு வருதே, நடிகர் கட்டிலுக்குக் கீழ மண்டி போட்டு தலையை மட்டும் மேல நீட்டியிருப்பார், கழுத்தும் மார்பும் போலி. பம்ப் குழாய் கழன்றதால உதவியாளர் வாயால ஊதித்தான் அந்த ரத்தம் வந்துச்சு. மூணு கொலையில ஒண்ணுக்கு மட்டும் இந்த அளவு உழைங்க. மத்த ரெண்டும் நிழல், சத்தம், கீழ விழுற சேர்.

லவ்டேல்_கேமரா:
எல்இடி லைட்டை ஜன்னலுக்கு வெளிய 5600 கெல்வின்ல (பகல் வெளிச்ச நிறம்) வெச்சு, கேமரா ஒயிட் பேலன்ஸை 3200-ல (மஞ்சள் பல்பு நிறம்) பூட்டுங்க. நிலா வெளிச்சம் நீலமா உள்ள வரும், அந்தக் காலப் பட ராத்திரி அப்படித்தான். உள்ள சீரியல் செட் மட்டும் போதும். மலிவு சீரியல் செட் துடிக்கும். அது படத்துல தெரியாம இருக்க செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வைங்க. 1/60 வெச்சா பட்டை பட்டையா ஓடும். பழைய குண்டு பல்பு சரம் கிடைச்சா இன்னும் அழகு, ஆனா பஞ்சு பனி ஒட்டின மரத்துல சுத்தாதீங்க, சூட்டுல பத்திக்கும்.

பழைய பங்களா வயரிங்ல 1000 வாட் ஹாலஜன் ஒண்ணே 4 ஆம்பியருக்கு மேல இழுக்கும். அதே லைன்ல கெட்டில் போட்டா ஃப்யூஸ் போயிடும்.

கேமராவைக் குளிர்ல இருந்து கணப்பு அறைக்கு அப்படியே கொண்டுவந்தா லென்ஸ் வேர்க்கும். வெளியவே ஜிப் கவர்ல போட்டு மூடி, உள்ள அரை மணி நேரம் விடுங்க. பேட்டரி உள்சட்டைப் பையில இருக்கட்டும். டிசம்பர்ல மூடுபனியை நம்பி எழுதாதீங்க, பல ராத்திரி வானம் தெளிஞ்சு உறைபனிதான் விழும்.

கட்டபெட்டு_வாசி:
ராத்திரி தேயிலைக்குள்ள துரத்தல் வேண்டவே வேண்டாம். காட்டுமாடு படுத்திருந்தா பக்கத்துல போறவரைக்கும் தெரியாது. கவ்வாத்து பண்ணின செடிக்குச்சி காலைக் கிழிச்சிடும். சாயங்காலம் வானம் ஃப்ரேம்ல வராம, கேமராவுல வெளிச்சத்தை ரெண்டு ஸ்டாப் (நாலுல ஒரு பங்கா) குறைச்சு எடுத்து ராத்திரியா மாத்துங்க. எஸ்டேட்ல எழுத்துல அனுமதி வாங்குங்க, காட்டு எல்லைக்குள்ள கால் வைக்காதீங்க. ஸ்டேஷன்ல ஒரு கடிதம் கொடுத்துடுங்க, அலறல் கேட்டா பக்கத்து லைன் வீடுகள்ல (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) இருந்து ஆளுங்க வந்துடுவாங்க. வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் போடணும். தண்ணி பாட்டில், பேப்பர் கப் கொண்டுவராதீங்க, செக்போஸ்ட்ல வாங்கிடுவாங்க.

ரீல்_மூடுபனி:
ரொம்ப நன்றி அண்ணா. சாண்டாவை விட்டாச்சு, மங்கி கேப்தான். பங்களா தரை பழைய மரப்பலகை, கறை பிடிக்குமா?

கேத்தி_மேக்கப்:
பிடிக்கும் தம்பி, பலகை இடுக்குல போனா எடுக்கவே முடியாது. தார்ப்பாய் விரிச்சு, அதுக்கு மேல பழைய ஜமுக்காளம். சிந்தினதை உடனே வெந்நீர்த் துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க.

கட்டபெட்டு_வாசி:
ரத்தத் துணி, மிச்சப் பாகு எதையும் வராண்டாவுல விடாதீங்க. அந்தப் பக்கம் கரடி எண்ணெய்க்கும் இனிப்புக்கும் கதவையே உடைக்கும். எல்லாத்தையும் மூடி போட்ட டிரம்ல போட்டு, அன்னிக்கு ராத்திரியே வண்டிக்குள்ள ஏத்தி, கண்ணாடியையும் ஏத்திடுங்க.