அயோவா அண்டை வீட்டாருடன் அரசியல் பேசிய அனுபவம்

அமெரிக்காவுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு, முன்னரே வந்தவர்கள் சொல்லும் முதல் அறிவுரைகளில் ஒன்று, வெள்ளைக்காரர்களிடம் அரசியல், மதம், சம்பளம் ஆகிய மூன்றையும் பேசக்கூடாது என்பது. நியூஜெர்சியில் இருந்தவரை நானும் அப்படியே இருந்தேன்; அலுவலகத்தில் வானிலையையும் பிள்ளைகளின் படிப்பையும் தாண்டிப் பேசிய நினைவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் நிறைந்த டி மொயின் நகரத்தின் புறநகர் ஒன்றுக்கு மாற்றலாகி வந்த பிறகுதான், அயோவா மாநிலத்தில் அந்த அறிவுரை செல்லுபடியாகாது என்று தெரிந்தது. இங்கே அண்டை வீட்டார் வாசலில் பனி தள்ளிக்கொண்டே வேட்பாளர்களை அலசுகிறார்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1972 முதல் அதிபர் வேட்பாளர் தேர்வு அயோவாவின் காக்கஸ் கூட்டங்களில், அதாவது கட்சி ஆதரவாளர்கள் வட்டாரந்தோறும் கூடித் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில்தான் தொடங்கி வந்தது. வெறும் முப்பது லட்சம் பேர் வாழும் மாநிலம் என்றாலும், முதல் களம் என்பதால் அதிபராக ஆசைப்படுகிற அத்தனை பேரும் ஓராண்டுக்கு முன்பே வந்து காபிக் கடைகளிலும் நூலகங்களிலும் மக்களைச் சந்திப்பார்கள். ஆகஸ்டில் நடக்கும் மாநிலக் கண்காட்சியில் வெண்ணெயால் செய்த பசுவைப் பார்க்கவும், குச்சியில் செருகிய பன்றி இறைச்சியைத் தின்னவும் வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு நடுவே அவர்களும் நிற்பார்கள். வேட்பாளர் பெயர் ஒட்டிய கண்ணாடிப் புட்டிகளில் ஆளுக்கொரு சோளமணியைப் போட்டு ஆதரவைக் காட்டும் விளையாட்டு ஒன்றும் அங்கே உண்டு. எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, "அவரை இரண்டு முறைதானே சந்தித்திருக்கிறேன், அதற்குள் எப்படி முடிவு செய்வது?" என்று ஒருமுறை சொன்னபோது நான் மிரண்டுபோனேன். அது அயோவாவில் வழிவழியாக வரும் நகைச்சுவை என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் அதில் பாதிக்கு மேல் உண்மைதான்.

அந்த ஆசிரியைதான் 2020 பிப்ரவரி 3 அன்று மாலை, வாக்குரிமை இல்லாவிட்டாலும் பார்வையாளராக உட்காரலாம் என்று சொல்லி, என்னை ஜனநாயகக் கட்சியின் காக்கஸுக்கு அழைத்துச் சென்றார். அருகிலிருந்த நடுநிலைப் பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் மூலைக்கு ஒரு வேட்பாளரின் பலகை; சாண்டர்ஸ் ஒரு பக்கம், பூட்டஜெஜ் ஒரு பக்கம், வாரன், பைடன், குளோபச்சார் என்று வட்டமாக. யாருக்கு ஆதரவோ அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஓட்டு யாருக்கு என்பதை வீட்டில்கூடச் சொல்லாத பழக்கத்தில் வளர்ந்த எனக்கு, கணவர் ஒரு மூலையிலும் மனைவி எதிர்மூலையிலும் போய் நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதைக் காணக் கூச்சமாகவே இருந்தது. ஒவ்வொருவரும் அடுத்த எண்ணை உரக்கச் சொல்ல, அப்படியே தலை எண்ணினார்கள். வந்தவர்களில் 15 சதவீதம் சேராத குழு கலைந்துவிட வேண்டும். அதில் இருந்தவர்கள் மட்டுமே இரண்டாவது சுற்றில் இடம் மாறலாம். ஆசிரியை நின்றது குளோபச்சார் குழுவில், அது சில தலைகளில் தேறாமல் போயிற்று.

அடுத்த கால்மணி நேரத்தில் கண்டதைத்தான் நான் பலரிடமும் சொல்லி வருகிறேன். கலைந்த குழுவைச் சுற்றி மற்றக் குழுக்காரர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் வீட்டில் சுட்ட பிஸ்கட்டை நீட்டினார். இன்னொருவர், அந்த ஆண்டு நவம்பருக்குள் பதினெட்டு நிறையப்போவதால் பங்கேற்கத் தகுதி பெற்ற பள்ளி மாணவி, தன் அண்ணனின் மருந்துச் செலவைச் சொல்லி மருத்துவக் காப்பீட்டைப் பற்றி வாதாடினாள். அந்தப் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவரே இந்த ஆசிரியை என்பது பேச்சில் தெரியவந்தது. அவர் அவளை இடைமறிக்காமல் முழுவதையும் கேட்டார், வரி எங்கிருந்து வரும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், பிறகு பூட்டஜெஜ் பக்கம் போய் நின்றுவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆசிரியை, தங்கள் இரண்டு பேரின் வேட்பாளர்களில் யார் வென்றாலும் வசந்த காலத்தில் அவள் வந்துதான் தன் வீட்டுப் புல்லை வெட்டித் தருவாள் என்றார்.

அந்த இரவு முடிவு வரவில்லை. முடிவுகளை அனுப்புவதற்கென்று புதிதாகச் செய்த செயலி வேலை செய்யாமல், தொலைபேசி இணைப்பும் அடைத்துக்கொண்டு, நாட்கணக்கில் இழுத்தது. கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளின் கணக்கில் பூட்டஜெஜ் மயிரிழையில் முன்னே, மக்கள் எண்ணிக்கையில் சாண்டர்ஸ் முன்னே என்று முடிந்தது. அந்தக் குளறுபடிக்குப் பின் கட்சித் தலைமை 2024இல் முதலிடத்தைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்தது; அயோவா ஜனநாயகக் கட்சியினர் அந்த ஆண்டு அஞ்சலில் வாக்கு அனுப்பினார்கள். முறை என்று பார்த்தால் அஞ்சல்தான் நியாயமானது. இரவு ஏழு மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாத தாய்க்கும் இரவுப்பணித் தொழிலாளிக்கும் காக்கஸில் இடம் கிடைப்பது கடினம். ஆனால் பிஸ்கட்டோடு வந்து வாதாடும் ஆள் அஞ்சல் உறையில் வரமாட்டார் என்பதும் உண்மை.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குடியரசுக் கட்சி. வாரநாட்களில் மின்பணியாளர், வடக்கே தன் அண்ணனோடு சேர்ந்து சோளமும் சோயாவும் பயிரிடுகிற குடும்பம். 2018 ஜூலையில் டிரம்ப் அரசின் வரிகளுக்குப் பதிலடியாக அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25 சதவீத வரி போட்ட பிறகு, விலை என்ன ஆனது, பிரேசில் எப்படி அந்த இடத்தைப் பிடித்தது என்பதையெல்லாம் தொலைக்காட்சியில் பேசுகிறவர்களைவிடத் துல்லியமாக அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அரசு விவசாயிகளுக்கு முதலில் 12 பில்லியன், அடுத்து 16 பில்லியன் டாலர் வரை நிவாரணம் அறிவித்தது. "செக் வருகிறது, போன வாடிக்கையாளர் வருவதில்லை" என்பார். அப்படியிருந்தும் டிரம்புக்கே வாக்களித்தார். ஏன் என்று கேட்டதற்கு, கருக்கலைப்பு ஒன்று, ஜனநாயகக் கட்சிக்காரர்கள் காக்கஸுக்கு முந்தைய மாதம் மட்டுமே தங்கள் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வருவார்கள் என்பது மற்றொன்று என்றார். 2025 அறுவடைக் காலத்தில் சீனா மறுபடியும் வாங்காமல் நிறுத்தியபோதும் அவருடைய கணக்கும் மாறவில்லை, கட்சியும் மாறவில்லை. வயிற்றுப்பாடுதான் வாக்கைத் தீர்மானிக்கும் என்று சொல்லும் அறிஞர்கள் இவரை ஒருமுறை சந்திக்கலாம்.

2024 ஜனவரி 15 அன்று குடியரசுக் கட்சியின் காக்கஸ். அன்றுதான் பொங்கலும். பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே போன குளிரில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் கட்சியில் மூலையில் நிற்பதெல்லாம் கிடையாது. ஆதரவாளர்கள் பேசியதும் சீட்டில் எழுதிப் போடுவதுதான். அவர்கள் கட்சி வேட்பாளர்களில் ஒருவரான விவேக் ராமசாமி உங்கள் ஆளா என்று கேட்டார். கேரளத்துப் பாலக்காட்டிலிருந்து வந்த, தமிழ் பேசும் குடும்பம் என்று விளக்கினேன். முந்தைய மாதம் டி மொயினில் சிஎன்என் தொலைக்காட்சி நடத்திய கூட்டத்தில் ராமசாமியிடம் அவருடைய இந்து மதத்தைப் பற்றி ஒருவர் நேராகவே கேட்டதும், அவர் தன் அடையாளத்தை மறைக்க மாட்டேன் என்று பதில் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரருக்கு மிகவும் பிடித்திருந்தது. சீட்டில் எழுதியது மட்டும் டிரம்ப் பெயரை. அன்றிரவே ராமசாமி விலகிவிட்டார். 99 கவுண்டிகளில் 98 டிரம்புக்கு. பல்கலைக்கழக ஊரான அயோவா சிட்டி இருக்கும் ஜான்சன் கவுண்டியில் மட்டும் இன்னொரு வேட்பாளரான நிக்கி ஹேலி ஒரே ஒரு வாக்கில் முந்தினார்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் தெருவே வாயை மூடிக்கொண்டது. முன்பு வாசல் புல்வெளியில் முளைத்து நின்ற பெயர்ப் பலகைகள் பாதியாகக் குறைந்தன. ஆசிரியை மட்டும் கமலா ஹாரிஸ் பலகையை நட்டுவிட்டு, ஹாரிஸின் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். திருவாரூர் மாவட்டம் என்று வரைபடத்தில் காட்டினேன். தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை, அயோவாவின் பெயர்பெற்ற கருத்துக்கணிப்பாளர் ஆன் செல்சர் ஹாரிஸ் மூன்று புள்ளிகள் முன்னிலை என்று வெளியிட்டபோது ஆசிரியை குதிக்காத குறைதான். வாக்கு எண்ணியபோது டிரம்ப் 13 புள்ளிகளில் வென்றார். அதற்குப் பிறகு சில வாரங்கள் எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே வணக்கம் மட்டும் இருந்தது.

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. வெளிநாட்டவர் இங்கே வேலை செய்ய வாங்கும் எச்1பி விசாவின் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்து, ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது என்ற விளக்கம் வருவதற்குள், விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த நண்பர்கள் கிடைத்த விலைக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கூடை தக்காளியுடன் வந்து, இது உங்களைப் பாதிக்குமா என்று கேட்டார். எனக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது. கோயம்புத்தூரில் காத்திருக்கும் என் தங்கை மகனைத்தான் பாதிக்கும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் மைத்துனி வேலையிழந்தபோது அந்த இடத்துக்கு வந்த இந்தியருக்கு அவளே வேலை கற்றுக் கொடுக்க வேண்டியிருந்தது என்றும், அதை இன்னும் தன்னால் மறக்க முடியவில்லை என்றும் சொன்னார். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்தது நிறுவனம், என் தங்கை மகன் அல்லன் என்று சொன்னேன். அவனுடைய படிப்பு, சம்பளம் எல்லாம் விசாரித்தார். ஒருவர் கருத்தை ஒருவர் மாற்றவில்லை. தக்காளிக்குப் பதிலாகக் கறிவேப்பிலைச் செடி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலம் இப்போது நெருங்கிவிட்டதால், அயோவா வாக்காளர் பதிவுப் படிவத்தில் எந்தக் கட்சிக் கட்டத்தில் குறியிடப்போகிறேன் என்பது தெருவில் பேச்சாகியிருக்கிறது. கட்சி சாராதவர் என்ற கட்டம் இருக்கிறதே என்றேன். அப்படியானால் காக்கஸ் இரவில் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்றார் ஆசிரியை. வாசலிலேயே படிவத்தை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் திருத்தினார். ஆசிரியையும் அதை ஏற்றுக்கொண்டார்; இரண்டு பேரும் ஒத்துப்போன செய்தி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். என் மனைவியோ, தான் யாருக்கு ஓட்டுப் போடப்போகிறாள் என்பதை எனக்கே சொல்ல முடியாது என்கிறாள்.