புது கோச் வந்து ரெண்டு மாசம்: டீம் முன்னேறுதா இல்லையான்னு எதை வச்சுச் சொல்றது?

பாளை_லெஃப்ட்பேக்:

பாளையங்கோட்டைப் பக்கம் மாவட்ட லீக் ஆடுற கிளப். பேர் வேண்டாம், கமிட்டிக்காரங்களும் இங்க வந்து படிக்கிறாங்க. சீசன் நடுவுல கோச் மாறிட்டாரு. பழையவர் காலத்துல 4-4-2, அதாவது நாலு பேக், நாலு ஹாஃப், ரெண்டு ஃபார்வேர்டு. கோலி தூக்கி அடிப்பாரு, உயரமான ஃபார்வேர்டு தலையில வாங்கி இறக்குவான், ரெண்டாவது பந்துக்கு ஹாஃப் ரெண்டு பேரும் பாய்வாங்க. பாக்க அழகா இருக்காது, ஆனா லேசுல தோக்க மாட்டோம். புதுசா வந்தவர் 4-3-3க்கு மாத்தினாரு. கோல் கிக் எல்லாம் ஸ்டாப்பருக்கு (நடுவுல நிக்கிற பேக்) சின்ன பாஸ். பந்து போன அடுத்த நொடி மேலேயே பிரஸ், அதாவது எதிராளி பக்கத்துலயே பாஞ்சு நெருக்கிப் பந்தைப் பறிக்கிறது.

ரிசல்ட் ஏத்த இறக்கமா இருக்கு. முதல் பாதியில எதிராளிக்கு மூச்சு விட நேரம் கொடுக்கிறதில்ல. 60 நிமிஷம் தாண்டினா நம்ம பசங்க இடுப்புல கை வச்சு நிக்கிறாங்க. வாங்குற கோலும் பெரும்பாலும் ரெண்டே தினுசு. கோல் கிக்கைச் சின்னதா ஆடி பெனால்டி பாக்ஸுக்கு முன்னாலயே பறிகொடுக்கிறது ஒண்ணு. ரைட் பேக் மேல ஏறினதும் அவன் முதுகுக்குப் பின்னாடி விழுற நீளப் பந்து இன்னொண்ணு. கமிட்டியில பாதிப் பேரு "பழைய ஆட்டத்துக்கே போங்க"ங்கிறாங்க. பாயிண்ட் டேபிளைத் தவிர வேற எதைப் பாத்து முடிவு பண்ணலாம்? இந்த ரெண்டு கோலையும் அடைக்க முதல்ல எதை மாத்தணும்?

ஸ்டாப்பர்_சமாதானபுரம்:

ஆரம்ப காலத்து டேபிள் ரெண்டு பக்கமும் ஏமாத்தும் தம்பி. இங்கிலாந்துல 2023-24ல போஸ்டகோக்லு கோச்சா வந்ததும் டோட்டன்ஹாம் முதல் 10 லீக் ஆட்டத்துல 8 வெற்றி, 2 டிரா. அடுத்த ஆட்டமே சொந்த மைதானத்துல செல்சீகிட்ட 1-4. ரொமேரோ, உடோகி ரெண்டு பேருக்கும் சிவப்பு அட்டை, மாடிசனும் வான் டி வெனும் காயம். ஒன்பது பேரா ஆனப்புறமும் பேக் லைனை நடுக்கோட்டுகிட்டயே நிப்பாட்டி வச்சாங்க. ஜாக்சன் ஹாட்ரிக் அடிச்சிட்டுப் போனாரு. சீசன் முடிவுல அஞ்சாவது இடம். மறுபக்கம் ஃபெர்குசனைப் பாருங்க. 1986 நவம்பர்ல மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு கோச்சா வந்தாரு, முதல் ஆட்டமே ஆக்ஸ்ஃபோர்டுகிட்ட 0-2, அந்த சீசன் 11வது இடம், முதல் கோப்பை 1990ல.

அதனால ஆட்டத்துக்குள்ள எண்ணுங்க. ஆடாத பசங்க ரெண்டு பேர் போதும். கேலரியில உயரமா உக்காரணும், பெஞ்சு பக்கத்துல உக்காந்தா ஆழம் தெரியாது. ஒரு தாள்ல மைதானத்தை மூணு பங்கா வரைஞ்சு, 15 நிமிஷத்துக்கு ஒரு தாள்னு ஆறு தாள். ஒருத்தன் பாக்ஸுக்குள்ள இருந்து விழுந்த ஷாட்டை மட்டும் குறிக்கணும், நம்மது, அவங்கது ரெண்டும். அடுத்தவன் நாம பந்தை விட்ட இடத்துல ஒரு புள்ளி வைக்கணும். விட்டது மேல் பங்கில்னா (எதிராளி கோல் பக்கம்), ஆறு நொடிக்குள்ள திரும்பப் பிடிச்சோமா, இல்ல அவனை வெறுமனே வெளிய அடிக்க வச்சோமான்னு பாத்து டிக். ரெண்டும் இல்லைன்னா பெருக்கல் குறி. முழு ஆட்டத்தையும் கூட்டிப் பாக்காதீங்க, தாள் தாளா பாருங்க. முதல் மூணு தாள்ல டிக்கும் நாலாவதுல இருந்து பெருக்கல் குறியுமா இருந்தா திட்டம் சரி, உடம்புதான் பத்தலைன்னு அர்த்தம். முதல் தாள்லயே பெருக்கல் குறின்னா பிரஸ்ஸே பசங்களுக்குப் புரியலை.

நீளப் பந்துக்கு ரைட் பேக்கைத் திட்டாதீங்க. அந்தப் பந்தை அடிச்சவனுக்கு நிமிர்ந்து பாக்க யார் நேரம் கொடுத்தான்னு பாருங்க. நம்ம விங் ஆள் அவங்க பேக் மேல பாய்றான், அந்த பேக் பந்தைத் தன் பக்கத்துல இருந்த ஹாஃபுக்குத் தட்டி விடுறான். அந்த ஹாஃபைப் பிடிக்க வேண்டிய நம்ம ஹாஃப் பத்து மீட்டர் பின்னாடியே நிக்கிறான். பத்துக்கு எட்டு தடவை கதை இதுதான். ஸ்டாப்பர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது ஒரு விஷயம்: பந்து வச்சிருக்கிறவன் தலை குனிஞ்சோ முதுகைக் காட்டியோ இருந்தா பேக் லைன் முன்னால ஏறலாம். தலை நிமிர்ந்து, காலைப் பின்னால இழுத்துட்டான்னா எல்லாரும் ஒரே நேரத்துல அஞ்சாறு மீட்டர் இறங்கணும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையில 30-35 மீட்டருக்கு மேல போகவிடக் கூடாது. ரெண்டு பேக்கும் சேர்ந்து ஏறவே கூடாது. ஒருத்தன் ஏறினா மத்தவன் ஸ்டாப்பர்களோட மூணாவது ஆளா உள்ள வந்துடணும்.

ஆடிக்காத்து:

அண்ணாச்சி சொன்னது சரிதான், ஆனா தரையையும் காத்தையும் விட்டுட்டாவ. நம்ம ஊர் மைதானத்துல எந்த இடம் முதல்ல மொட்டையாகும்? கோல் வாசலும் அதுக்கு முன்னால உள்ள ஆறு கெஜமும்தான். இந்தக் கோச் பந்தை ஆரம்பிக்கதே அங்க இருந்துதான். டிவியில பாக்க ஆட்டத்துல தரை கம்பளம் மாதிரி கெடக்கு. இங்க ஸ்டாப்பர் காலுக்கு வரும்போது பந்து ஒரு துள்ளு துள்ளும். அவன் அதை அமத்தி நிப்பாட்டதுக்குள்ள ஃபார்வேர்டு மேல வந்து விழுந்திருதான்.

2019ல விதி மாறிச்சு. கோல் கிக்கைச் சொந்த ஆள் பாக்ஸுக்குள்ளயே வாங்கலாம், பந்து உதைபட்டு நகருத வரைக்கும் எதிராளி பாக்ஸுக்கு வெளியதான் நிக்கணும். அந்தச் சலுகையை எடுத்துக்கோங்க, ஆனா நடுவுல வேண்டாம். கோல் ஏரியாவோட (கோல் வாசலை ஒட்டின சின்னக் கட்டம்) மூலையில, எந்தப் பக்கம் புல் மிச்சம் இருக்கோ அங்க பந்தை வைங்க. ஸ்டாப்பர் பாக்ஸோட பக்கக்கோட்டுகிட்ட அகலமா நிக்கணும், உடம்பு பாதி திரும்பி. எதிராளி ஆள் ரெண்டு பேரு பாக்ஸ் விளிம்புலயே காத்துக் கெடந்தா சின்ன பாஸ் கெடையாது, ஓரமாத் தூக்கி அடிச்சிரணும். நடுவுல அடிச்சா எவன் தலையில பட்டாலும் பந்து திரும்ப நம்ம வாசலுக்குத்தான் வரும். ஓரத்துல போனா மோசமா போனாலும் ஒரு த்ரோதான். கோலி கையில பந்து இருந்தா உருட்டி விடுதது உதைக்கதை விட நல்லது. 2025-26 சீசன்ல இருந்து எட்டு நொடிக்கு மேல கையில வச்சிருந்தா எதிராளிக்கு கார்னர்ங்கதையும் கோலிகிட்டச் சொல்லி வைங்க. கடைசி அஞ்சு நொடியை ரெஃப்ரி கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவாரு.

பந்துல காத்து எவ்வளவு வைக்கியன்னு பாத்தீங்களா? விதிப்படி 8.5ல இருந்து 15.6 பிஎஸ்ஐ வரைக்கும் இருக்கலாம். கட்டாந்தரையில 9 பக்கம் வச்சா துள்ளு குறையும். கேஜ் வச்சுப் பாருங்க. பெருவிரலை வச்சு அமுக்கிப் பாக்கதெல்லாம் வேலைக்காவாது.

அப்புறம் ஆடி, ஆவணி மேகாத்து. செங்கோட்டைக் கணவாய் வழியாவும் ஆரல்வாய்மொழி வழியாவும் வாரது சும்மா காத்தா? எதிர்க்காத்துல தூக்கி அடிச்ச பந்து நடுக்கோட்டைத் தாண்டாது. டாஸ் ஜெயிச்சவன் இப்ப பக்கத்தையும் கேக்கலாம், கிக் ஆஃபையும் கேக்கலாம். காலை ஆட்டம்னா நேரம் ஏற ஏறக் காத்து கூடும், அதனால ரெண்டாம் பாதியில காத்து நம்ம முதுகுல இருக்கணும். சாயங்கால ஆட்டம்னா பொழுது இறங்கதோட காத்தும் அடங்கும், முதல் பாதியிலயே வாங்கிரணும். 60 நிமிஷத்துல படுக்க டீமுக்கு இது சும்மா கெடைக்க உதவி வே. ஐப்பசி மழை விழுந்து தண்ணி நிக்க மைதானத்துல சின்ன பாஸ் பேச்சே வேண்டாம்.

கமிட்டி_பெஞ்ச்:

எல்லாரும் கோச்சுக்குச் சாதகமாவே பேசுறீங்க. அவர் செஞ்ச தப்பு ஒண்ணு இருக்கு. சீசன் நடுவுல ரெண்டு பெரிய விஷயத்தை ஒரே நேரத்துல மாத்தினாரு, பின்னாலிருந்து ஆடுறதும் மேல பிரஸ் பண்றதும். பயிற்சி நேரம் வாரத்துக்கு நாலஞ்சு மணி கிடைச்சாலே பெருசுங்கிற கிளப்புக்கு இது ஆகாது. அமோரிம் 2024 நவம்பர்ல யுனைடெட்டுக்கு வந்து, ப்ரீ சீசனே இல்லாம 3-4-3ஐப் போட்டாரு. அந்த சீசனை 15வது இடத்துல முடிச்சாங்க. அத்தனை வசதி இருக்கிற இடத்துலயே அந்த நிலைமை. அதே சீசன்ல லிவர்பூலுக்கு வந்த ஸ்லாட், க்ளாப் விட்டுட்டுப் போன டீமை ஏறக்குறைய அப்படியே வச்சுக்கிட்டாரு. புதுசா வந்து ஆடின ஒரே ஆள் கியேசா. கிராவன்பெர்க்கைக் கீழ இறக்கி ஆறாம் நம்பர் வேலை (பேக் லைனுக்கு முன்னால நிக்கிற ஹாஃப்) கொடுத்தாரு, பந்தை வச்சுக்கிற வேகத்தைக் கொஞ்சம் தணிச்சாரு. நாலு ஆட்டம் மிச்சம் இருக்கையிலேயே லீக் கையில. அவருக்குக் கிடைச்ச டீம் நல்ல டீம்தான், மறுக்கல. ஆனா எவ்வளவு மாத்தணும்னு தெரிஞ்சதும் ஒரு திறமைதானே?

என் கணக்குல பிரஸ்ஸை வச்சுக்கிட்டு, பின்னாலிருந்து ஆடுறதை அடுத்த சீசனுக்குத் தள்ளலாம். பிரஸ்ல தப்பு நடந்தா நம்ம வாசலுக்கு 60 மீட்டர் இருக்கு. கோல் கிக்ல தப்பு நடந்தா 15 மீட்டர்.

கமிட்டியை அமைதியாக்க சீக்கிரமா பாயிண்ட் வேணும்னா கார்னர்ல உழைக்கச் சொல்லுங்க. ஐஎஸ்எல்ல ஜான் கிரிகரி சென்னையின் எஃப்சிக்கு கோச்சா வந்த முதல் சீசன் ஞாபகம் இருக்கா? 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானத்துல ஃபைனல். பெங்களூரு டீமுக்கு சேத்ரி ஒன்பதாவது நிமிஷத்துல அடிச்சாரு. அதுக்குப் பதிலடியா நம்ம மெய்ல்சன் ஆல்வஸ் முதல் பாதியிலேயே ரெண்டு ஹெட்டர், ரெண்டும் கார்னர். 3-2ன்னு கோப்பை வந்துச்சு. உங்ககிட்டயும் உயரமான ஃபார்வேர்டு ஒருத்தன் இருக்கான், 4-3-3ல அவனுக்கு வேலை குறைஞ்சுபோச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள், 15 நிமிஷம் போதும். அஞ்சு பேர் உள்ள ஓடணும், ஒருத்தன் பாக்ஸ் விளிம்புல ரெண்டாவது பந்துக்கு, ரெண்டு பேர் நடுக்கோட்டுல காவல். முதல் கம்பத்துக்கு ஒருத்தன் பொய் ஓட்டம் ஓடி ஸ்டாப்பரை இழுத்துட்டுப் போகணும், உயரமானவன் அவன் காலி பண்ண இடத்துக்குப் பின்னாலிருந்து வரணும். நின்ன இடத்துல குதிக்கக் கூடாது. எல்லாரும் ஒண்ணா ஓட ஆரம்பிக்கிறதுதான் நம்ம ஊர்ல நடக்கிற தப்பு. அடிக்கிறவன் கை தூக்கினதும் முதல் ஆள், அவன் ஓடி வந்து உதைக்கையில மத்தவங்க.

வண்ணார்பேட்டை_ஃபிட்னஸ்:

60 நிமிஷத்துல விழுறதுக்கு என் பதில். பழைய ஆட்டத்துக்கு மைதானத்தைச் சுத்தி ரவுண்டு ஓடினது போதுமா இருந்திருக்கும். பிரஸ்னா அஞ்சு நொடி முழு வேகம், இருபது நொடி நடை, மறுபடி முழு வேகம். ரவுண்டு ஓடினா அந்த உடம்பு வராது. 30க்கு 20 மீட்டர்ல கோன் வச்சு, கோலியோட நாலுக்கு நாலு ஆட விடுங்க: 4 நிமிஷம் ஆட்டம், 3 நிமிஷம் ஓய்வு, இப்படி நாலு தடவை. முதல் வாரம் ரெண்டு தடவையோட நிறுத்துங்க, வாரத்துக்கு ஒண்ணு கூட்டுங்க. கோச் அருமையா இருக்குன்னு முதல் நாளே ஆறு தடவை ஆட விட்டாருன்னா தொடைப் பின்தசை பிடிச்சு ரெண்டு பேர் வெளிய போவாங்க. பந்து வெளிய போனா உடனே இன்னொரு பந்து உள்ள வரணும், இல்லைன்னா பாதி நேரம் பந்து பொறுக்குறதுல போயிடும். ஆட்டத்துக்கு முந்தின நாள் இது கூடாது, அன்னைக்கு கார்னர் மட்டும்.

தொடைப் பின்தசைக்கு நோர்டிக் பயிற்சி வாரம் ரெண்டு நாள், ரெண்டு செட், செட்டுக்கு அஞ்சு. மண்டி போட்டு, ஒருத்தன் கணுக்காலைப் பிடிச்சுக்க, உடம்பை நேரா வச்சு மெதுவா முன்னால சாயுறது. வேகமா விழுந்தா பலன் கிடையாது. முதல் வாரம் வலிக்கும், பயப்பட வேண்டாம்.

பெரும்பாலான கோச்சுங்க கண்டுக்காத விஷயம் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுற ஆட்டம். பசங்க சனிக்கிழமை ராத்திரி எங்கயாவது லைட் வெளிச்சத்துல மூணு ஆட்டம் ஆடிட்டு, ஞாயித்துக்கிழமை காலையில லீக் ஆட வர்றாங்க. காசு கிடைக்குது, தடுக்க முடியாது. குறைஞ்சது யாரு ஆடிட்டு வந்தான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அவனைப் பெஞ்சுல இருந்து ஆரம்பிக்கலாம்.

தண்ணி: ஆட்டத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி அரை லிட்டர், அப்புறம் ஆட்டம் நிக்கும்போதெல்லாம் ரெண்டு மூணு வாய். இடைவேளையில உப்புப் போட்ட நீர்மோர் நல்லது, கலர் சோடா வேண்டாம். வெயில் கடுமையா இருந்தா ஒண்ணரை நிமிஷத்துல இருந்து மூணு நிமிஷம் வரை கூலிங் பிரேக் கொடுக்க விதியில இடம் இருக்கு. ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே ரெஃப்ரிகிட்டப் பேசி வைங்க, நடுவுல கேட்டா கொடுக்க மாட்டாங்க.

பாளை_லெஃப்ட்பேக்:

எல்லாருக்கும் நன்றிண்ணே. செவன்ஸ் விஷயம் உண்மை, நம்ம ரெண்டு விங் பசங்களும் அதுலதான் போறாங்க. கோச் சப் எல்லாத்தையும் 75க்கு மேலதான் இறக்குறாரு. அதை முன்னாடி கொண்டு வரச் சொல்லலாமா? இல்ல பிரஸ்ஸையே குறைக்கச் சொல்றதா?

ஸ்டாப்பர்_சமாதானபுரம்:

ரெண்டும். 90 நிமிஷமும் மேல பிரஸ் எந்த டீமும் பண்றதில்ல. ரெண்டு பாதியிலயும் முதல் 15 நிமிஷம், அப்புறம் எதிராளி பேக் பாஸ் போடும்போது, முதல் தொடுதல் தவறும்போது. மத்த நேரம் நடுக்கோட்டுகிட்ட இறங்கி நெருக்கமா நிக்கட்டும். சப் 55க்கும் 65க்கும் நடுவுல, ஜோடியா. ஒரு விங்கும் அதே பக்கத்து ஹாஃபும் சேர்ந்து மாறணும். ஒருத்தன் புதுசு, ஒருத்தன் களைச்சவன்னா நான் மேல சொன்ன பத்து மீட்டர் இடைவெளி மறுபடி அங்கேயே விழும். உங்க லீக்ல அஞ்சு சப் உண்டான்னு பாத்துக்கோங்க. அஞ்சு பேர்னாலும் ஆட்டத்தை நிறுத்தி மாத்த மூணு வாய்ப்புதான், இடைவேளையில மாத்தினா அது கணக்குல வராது. அதனால முதல் ஜோடியை இடைவேளைக்கே வச்சுக்கிட்டாலும் நல்லதுதான். நாலாவது, அஞ்சாவது தாள்ல டிக் வருதான்னு அதுக்கப்புறம் பாத்துட்டு இங்க போடுங்க.

ஆடிக்காத்து:

கோல் கிக் எந்த மூலையில வச்சு ஆடினாங்கதையும் சேத்துக் குறிச்சிட்டு வாங்க தம்பி.