கென்னடி நோய்: சுண்டெலியிடம் பலித்த ஹார்மோன் ஊசியை நம்பலாமா?

சுப்பையா, அம்பாசமுத்திரம்:
இயக்க நரம்பணுக்கள் அழிந்து தசைகள் மெல்ல வலுவிழக்கும் பரம்பரை நோயான கென்னடி நோய் என் தாய்மாமாவுக்கு இருப்பது மரபணுப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. காப்பி குடித்தாலே புரையேறுகிறது. ஆண் ஹார்மோன் வந்து சேரும் புரதமான ஆண்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவில், சிஏஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் தொடர் அளவுக்கு மீறி நீள்வதே காரணம். சிஏஜி 97 முறை வரும் மனித மரபணுவை ஏற்றிய ஆண் சுண்டெலிகளின் பாதத்தில் மை தடவிக் காகிதத்தில் நடக்கவிட்டபோது, பின்னங்கால்களை இழுத்த தடம் பதிந்தது. ஆண் ஹார்மோனைச் சுரக்கும் விதைகளை நீக்கிய எலிகள் நன்றாக நடந்தன. ஆண் ஹார்மோன் சுரப்பை அடக்கும் லியூப்ரோரெலின் ஊசியும் அதே பலனைத் தந்ததாக ஆய்வாளர்கள் 2003-இல் எழுதினார்கள். அந்த ஊசியை மாமாவுக்கு உடனே தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

இசக்கியம்மாள், பாளையங்கோட்டை:
அண்ணாச்சி, எலியிடம் கண்டதை நான் மறுக்கவில்லை. நோய் லேசாகவே இருந்த பெண் எலிகளுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்ததும் அது முற்றியதால், அந்த ஹார்மோன் ஏற்பியோடு சேர்வதே கேட்டைத் தூண்டுகிறது என்பது ஐயமற விளங்குகிறது. ஆனால் அந்த எலிகளுக்கு நோய் வெளிப்படும் முன்பே ஊசி போட்டார்கள். மாமாவுக்கோ இயக்க நரம்பணுக்கள் பல ஏற்கெனவே அழிந்திருக்கும். ஜப்பானில் சுமார் 200 நோயாளிகளிடம் 48 வாரம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், விழுங்கும் திறனை அறிய, எக்ஸ்ரேயில் தெரியும் பேரியத்தை விழுங்கவைத்துத் தொண்டையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்த்தபோது, மருந்து பெற்றவர்களுக்கும் போலி ஊசி பெற்றவர்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆண் ஹார்மோனை அடக்கினால் எலும்பும் மெலியும். தள்ளாடும் மனிதருக்கு அது சிறிய விஷயமா?

முத்துக்குமார், தென்காசி:
அக்கா, அதே ஆய்வில் நோய் தொடங்கிப் பத்தாண்டு ஆகாதவர்களிடம் பலன் தென்பட்டதே! 2017-இல் ஜப்பான் அரசு இந்நோய்க்கு அம்மருந்தை அனுமதித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இசக்கியம்மாள்:
ஒரு பிரிவினரிடம் மட்டும் தெரிந்த பலனைத் தனி ஆய்வு உறுதிப்படுத்தாமல் சான்றாக ஏற்க மாட்டேன். அதைவிட முக்கியமானது வேறு. இது எக்ஸ் குரோமோசோம் வழியே வரும் நோய். மாமாவுக்கு இருந்தால், உங்கள் தாயாரும் அதைச் சுமக்கக்கூடும். அவர் சுமந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. நோய் வெளிப்படும் முன் ஊசி பெற்ற எலிக்கு ஒப்பானவர் மாமா அல்லர், நீங்கள்தான் அண்ணாச்சி. அறிகுறியே இல்லாத, பிள்ளை பெற வேண்டிய வயதுள்ள ஆணுக்கு இந்த ஊசியைப் போடச் சொல்வீர்களா?

சுப்பையா:
எனக்கென்றால் போட மாட்டேன். பரிசோதனை மட்டும் செய்துகொள்வேன். மாமாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிப் பத்தாண்டு ஆகவில்லை. எலும்பு அடர்த்தியைப் பார்த்துவிட்டு ஊசியைத் தொடங்குமாறு நரம்பியல் மருத்துவரிடம் கேட்கத்தான் போகிறேன்.