டிராப் வெயிட் மெஷின்: 52 பவுண்டு வச்சும் தொளதொளன்னு இருக்குதுங்க

பொள்ளாச்சி பேஸ்லைன்:
வணக்கமுங்க. டென்னிஸ் ராக்கெட், தலை 100 சதுர அங்குலம், 16க்கு 19 பேட்டர்ன் (நீளவாக்குல மெயின் 16, குறுக்க கிராஸ் 19). 1.25 மி.மீ. பாலியெஸ்டர் ஸ்ட்ரிங், மெயின், கிராஸ் ரெண்டுக்கும் ஒரே துண்டா கட்டிங் (ஸ்ட்ரிங் கட்டறது). டிராப் வெயிட் மெஷின் (தண்டுல தொங்கற எடை ஸ்ட்ரிங்கை இழுக்கும்), கூடவே வந்த ஃப்ளோட்டிங் கிளாம்ப் ரெண்டு (மெஷினோட சேராம, இழுத்த ஸ்ட்ரிங்கைப் பக்கத்து ஸ்ட்ரிங்கோட சேத்துப் பிடிக்கற இடுக்கி). 52 பவுண்டுல இழுத்தும், முடிச்ச உடனே உள்ளங்கையில தட்டினா மந்தமான சத்தம்தான் வருது. அடுத்த நாள் அடிக்கற பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் போகுது. கடையில லாக்அவுட் மெஷின்ல அதே ஸ்ட்ரிங், அதே 52ல போட்ட இன்னொரு ராக்கெட் நல்லா இறுக்கமா இருக்குது. நானும் 56க்கு ஏத்திடலாமுங்களா? இன்னொண்ணு: மெயின் ரெண்டு பக்கமும் கைப்பிடிப் பக்கம் வந்து முடியுது. அதனால கிராஸைக் கீழ இருந்து மேல போட்டேன். அது தப்புங்களா?

சென்னிமலை பாவு:
56 இப்ப வேண்டாமுங்க. டிராப் வெயிட்ல எடை தொங்கிட்டே இருக்கறதால ஸ்ட்ரிங் நீள நீள இழுத்துட்டே இருக்கும். லாக்அவுட் 52ஐத் தொட்டதும் பூட்டிக்கும், அதுக்கப்புறம் ஸ்ட்ரிங் நெகிழ்ந்தா கண்டுக்காது. நியாயமாப் பாத்தா உங்க ராக்கெட்தான் கூடுதல் இறுக்கமா இருக்கோணும். அது தலைகீழா இருக்குதுன்னா நடுவுல எங்கியோ பிடிப்பு நழுவுது. அதைப் பிடிக்காம நம்பரை ஏத்தினா, நழுவாத நாள்ல ராக்கெட் பலகையாட்டம் ஆயிடும்.

முதல்ல மெஷினைச் சோதிங்க. நூல் கோன் எடை போடற டிஜிட்டல் தொங்கு தராசு போதும். தராசோட ஒரு முனையை ஃபிரேம் மாட்டற கம்பத்துல கட்டி, கொக்கியில ஒரு துண்டு ஸ்ட்ரிங்கை முடிஞ்சு, மறுமுனையை மெஷின் பிடியில கொடுத்து எடையை இறக்குங்க. 52 பவுண்டுக்கு 23.6 கிலோ காட்டோணும். காட்டலைன்னா எடையோட எந்த விளிம்பு கோட்டுல நிக்கோணும்னு கையேட்டுல பாருங்க, மெஷினுக்கு மெஷின் மாறும்.

எடை தொங்கற தண்டு தரைக்குச் சமமா வந்து நிக்கறது முக்கியம். ஆனா அதுக்காக ரொம்பப் பதற வேண்டியதில்ல. 10 டிகிரி சாஞ்சா 52, 51.2 ஆகும், அவ்வளவுதான். 20 டிகிரின்னா 48.9க்கு இறங்கிடும்.

அடுத்தது கிளாம்ப். எனக்குச் சந்தேகமே இதுலதான். ஸ்ட்ரிங்கை இழுத்து, கிளாம்ப் மாட்டி, தண்டைத் தூக்கறதுக்கு முன்னால ரெண்டு கோடு போடுங்க: கிளாம்ப் வாயை ஒட்டி ஸ்ட்ரிங் மேல ஒண்ணு, ஃபிரேமை ஒட்டி ஒண்ணு. அப்புறம் தண்டை மெதுவாத் தூக்குங்க. வாய்க்கிட்ட இருக்கற கோடு நகந்தா கிளாம்ப் வழுக்குது. அது அப்படியே இருந்து, ஃபிரேம்கிட்ட இருக்கற கோடு மட்டும் உள்ள போனா கிளாம்ப் சாயுது. நைலானுக்கு இந்த மில்லிமீட்டர் பெருசாத் தெரியாது. பாலியெஸ்டர் விறைப்பு, கொஞ்சமாப் பின்வாங்கினாலே பவுண்டு கணக்குல போயிடும்.

நொய்யல்கரை:
கிராஸ் விஷயம்: தப்புதானுங்க. மெயின் போட்டதும் ஃபிரேம் குட்டையாகி அகலமாகும். கிராஸ் அதைத் திருப்பி உள்ள இழுக்கும். கீழ இருந்து போட்டுட்டே போனா அழுத்தமெல்லாம் கடைசியில தலைப்பக்கம் சேருது, ஃபிரேமோட வலுவில்லாத இடமே அதுதான். ஒரு பக்கத்துக்கு எட்டு மெயின், இரட்டைப்படை, அதனால கழுத்துல (கைப்பிடிப் பக்கம்) ஆரம்பிச்சா கழுத்துலதான் முடியும். அந்த ஃபிரேமுக்கு 12 மீட்டர் செட்டைச் சரிபாதியா வெட்டி ரெண்டு துண்டாப் போடுங்க. மெயினைக் கீழயே முடிச்சுட்டு, கிராஸைத் தலையில புது முடிச்சோட ஆரம்பிச்சு கழுத்துக்கு இறக்குங்க. மெயினை மட்டும் போட்டுட்டு மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்னு எந்திரிச்சுப் போயிடாதீங்க, ஃபிரேம் கோணிக்கும்.

பொள்ளாச்சி பேஸ்லைன்:
தராசுல 23.4 காட்டுதுங்க, மெஷின் பரவாயில்ல. வாய்க்கிட்ட இருந்த கோடு 4 மி.மீ. நகந்திருச்சு! ஸ்ட்ரிங் மேல வெள்ளையாத் தேஞ்ச தடமும் இருக்குது.

சென்னிமலை பாவு:
அந்த வெள்ளைத் தடம் வழுக்கினதுக்குச் சாட்சி. கிளாம்ப் பல்லுல புது ஸ்ட்ரிங்கோட மெழுகு ஒட்டியிருக்கும். பழைய டூத்பிரஷ்ல ஸ்பிரிட் தொட்டுத் தேச்சுக் காய விடுங்க. அப்புறம் திருகைக் கால் சுத்து கால் சுத்தா இறுக்கி, கோடு நகராத இடத்துல நிறுத்துங்க. அதுக்கு மேல இறுக்கினா ஸ்ட்ரிங் நசுங்கும். கிளாம்பை ஃபிரேமை ஒட்டியே மாட்டுங்க. சாயறதால 1, 2 மி.மீ. எப்படியும் உள்ள போகும், ஃப்ளோட்டிங் கிளாம்போட சுபாவம் அது. அதுக்கு வேணும்னா 2 பவுண்டு கூட்டிக்கலாம், எல்லா ராக்கெட்டுக்கும் அதே 2.

மெயினை ஒவ்வொண்ணா இழுங்க. ரெண்டைச் சேத்து இழுத்தா குரோமெட் (ஃபிரேம் ஓட்டையில இருக்கற பிளாஸ்டிக் குழல்) உரசல்ல உள்பக்கத்து மெயினுக்கு முழு இழுப்பு போய்ச் சேராது. ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ரெண்டு மெயினுக்கு மேல முந்தக் கூடாது. கிராஸ் நம்மூரு தறியில ஊடை ஓடற மாதிரிதான், ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ஒரு வரி முன்கூட்டியே பின்னி வச்சுட்டு முந்தின வரியை இழுங்க. ஸ்ட்ரிங்கை உருவும்போது நேரா உருவாம வில்லு மாதிரி வளைச்சு, இடத்தை மாத்தி மாத்தி உருவுங்க. ஒரே இடத்துல உரசினா மெயின் சூடாகி அறுபட்டுப் போகும். அஞ்சாறு வரிக்கு ஒருக்கா வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. ஒரு பின்னல் தப்பினா அது வரைக்கும் பிரிக்கறதைத் தவிர வழியில்ல.

ஈரோட்டு வெயில்:
ஒண்ணு விட்டுப்போச்சு. கிளாம்ப் சரியானாலும் பாலியெஸ்டர் முதல் 24 மணி நேரத்துலயே 10 சதவீதம் வரைக்கும் இறங்கும், அது இயல்பு. சித்திரை வெயில்ல கார் டிக்கியில ராக்கெட்டைப் போட்டு வச்சா இன்னும் சீக்கிரம் இறங்கும், அப்படி இறங்கினது குளிர்ந்தாலும் முழுசாத் திரும்பாது. 15 மணி நேர ஆட்டத்துக்கு மேல பாலியெஸ்டர் அறுகாமயே செத்துப்போகும். கட்டிங் அறுகட்டும்னு காத்திருந்தா முழங்கைதான் வலிக்கும். பசங்க ராக்கெட்டுக்குப் பாலியெஸ்டரே வேண்டாமுங்க, மல்டிஃபிலமென்ட் (மெல்லிசு இழை நிறையச் சேத்த மெத்துன ஸ்ட்ரிங்) போடுங்க.

பொள்ளாச்சி பேஸ்லைன்:
பழைய கட்டிங்கை வெட்டறப்ப மெயினை மட்டும் வெட்டி உருவலாமுங்களா?

நொய்யல்கரை:
கூடாதுங்க. நடுவுல ஆரம்பிச்சு ஒரு மெயின், ஒரு கிராஸ்னு மாத்தி மாத்தி வெளிய போங்க. வெட்டினதும் குரோமெட்டையெல்லாம் விரலால தடவிப் பாருங்க. வெடிச்ச குரோமெட் இருந்தா புது ஸ்ட்ரிங் அங்கதான் முதல்ல அறுகும்.