லேப் டைம் இறங்கவே மாட்டேங்குது: எக்ஸாஸ்ட் போடலாமா, கோச்சிங் போகலாமா?

ஆவடி_ஆர்15:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது யமஹா ஆர்15 வி4 பைக். சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே (நம் சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டவிடும் நாள்) வைக்கும்போதெல்லாம் போய்விடுவேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் லேப் டைம், அதாவது ஒரு சுற்று முடிக்கும் நேரம், மளமளவென்று இறங்கியது, இப்போது ரொம்ப நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது, முக்கி முக்கி ஓட்டினால் குறைவதற்குப் பதில் கூடவே செய்கிறது. முழங்கால் தரையில் உரசுகிறது, அதனால் சாய்ப்பது போதவில்லை என்று சொல்ல முடியாது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. கூட ஓட்டுகிறவர்கள் ஃபுல் சிஸ்டம் எக்ஸாஸ்ட் போட்டு ஈசியு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) பண்ணச் சொல்கிறார்கள். அதைச் செய்யலாமா, இல்லை கோச்சிங்குக்குக் கட்டலாமா? அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஒரு செஷன் முடிந்து பிட்டுக்கு (டிராக் ஓரம் வண்டியை நிறுத்தும் இடம்) வந்தால் முன்கை இரண்டும் இறுகிப்போய் கிளட்ச் பிடிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஜிம் போனால் சரியாகுமா?

கியர்_லீவர்:
தம்பி, கடைசியில் சின்ன விஷயம் என்று சொன்னீர்களே, பெரிய விஷயமே அதுதான். முன்கை இறுகினால் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்று அர்த்தம். பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் சரியாமல் இரண்டு முழங்காலாலும் டேங்கை இறுக்க வேண்டும், சாய்ந்திருக்கும்போது வெளிப்பக்கத்துத் தொடையும் முழங்காலும்தான் உங்களைத் தாங்க வேண்டும், கை சும்மா பாரின் மேல் இருந்தால் போதும். கையில் எடை விழுந்தால் முன் சக்கரம் தன் போக்கில் திரும்ப முடியாது, வண்டி வளைவில் வெளிப்பக்கமாக விலகி ஓடும், அதைச் சமாளிக்க இன்னும் சாய்ப்பீர்கள். முழங்கால் உரசுவது போட்டோவுக்கு அழகு. உட்கார்ந்திருக்கும் முறை தப்பாக இருந்தாலும் உரசும்.

அடுத்தது, முக்கினால் நேரம் கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் லேட் பிரேக்கிங். பத்து மீட்டர் தள்ளிப் பிரேக் பிடித்து ஜெயித்ததாக நினைப்போம், ஆனால் கார்னருக்குள் வேகம் அதிகமாகிப் பயத்தில் த்ராட்டிலை மூடியபடி காத்திருப்போம், வெளியே வரும்போது எல்லாம் போயிருக்கும். உங்கள் வண்டி 155 சிசி, விட்ட வேகத்தை அது சீக்கிரம் திருப்பித் தராது. வேகம் ஏறுவதை விட்டுவிட்டு வெறும் கணக்காகப் பாருங்கள்: 400 மீட்டரை 100 கி.மீ. வேகத்தில் கடக்க 14.4 நொடி, 105-ல் போனால் 13.7 நொடி. ஒரே ஒரு கார்னரை விட்டு வெளியே வரும்போது 5 கி.மீ. கூட இருந்தால் கிட்டத்தட்ட முக்கால் நொடி! இதை எந்த எக்ஸாஸ்டும் தராது. அதோடு ஸ்டாக் கிளாஸில் (வண்டியைக் கம்பெனி கொடுத்தபடியே ஓட்டும் பிரிவு) ரேஸ் ஓட்டும் எண்ணம் இருந்தால் எக்ஸாஸ்ட் மாற்றுவதே வினை.

கோச்சிங் போங்கள். பின்னாலேயே வந்து வீடியோ எடுத்து, எந்த இடத்தில் பிரேக்கை விட்டீர்கள், எங்கே பார்த்தீர்கள் என்று காட்டும் ஆள் வேண்டும். ஓட்டும்போது நமக்கு இது தெரியவே தெரியாது, எல்லாம் சரியாகச் செய்வதாகத்தான் தோன்றும்.

செட்டிபாளையம்_செல்வா:
அண்ணன் சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். கோச்சிங் என்ற பெயரில் நடப்பதெல்லாம் கோச்சிங் இல்லை. ஒரு கோச்சுக்குப் பெரிய கும்பலாக ஆட்கள், காலையில் போர்டில் கோடு போட்டு ரேசிங் லைன், மதியம் பிரியாணி, சாயங்காலம் சர்டிஃபிகேட். அதற்குக் கொட்டும் காசுக்கு நல்ல டயர் ஒரு செட், பிரேக் பேட், புது பிரேக் ஆயில் வாங்கலாம். டயர் பிரஷரை டயர் கம்பெனி டிராக்குக்குச் சொல்லும் அளவில் வைத்து, பிட்டுக்கு வந்த உடனே சூட்டோடு ஒரு தடவை பாருங்கள், சென்னை வெயிலில் எவ்வளவு ஏறுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

முதலில் போனில் ரேஸ்குரோனோ மாதிரி ஒரு ஆப் போட்டு டிராக்கைத் துண்டு துண்டாகப் பிரித்து நேரம் பாருங்கள். மொத்த லேப் டைம் ஒன்றும் சொல்லாது. 3.7 கி.மீ. டிராக்கில் எந்தத் துண்டில் நேரம் போகிறது என்று தெரியாமல் கோச்சிடம் போய் என்ன கேட்பீர்கள்? எங்கள் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே டிராக் 2.1 கி.மீ.தான், அதே கார்னர் சீக்கிரம் சீக்கிரம் திரும்பி வரும், ஒரே விஷயத்தைப் பழக அது வசதி. ஒரு நாள் இந்தப் பக்கமும் வாங்களேன்.

லேட்_அபெக்ஸ்:
செல்வா சொல்லும் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் காசு கட்டும் முன் கேளுங்கள்: ஒரு கோச்சுக்கு எத்தனை பேர், டிராக்கில் கூட வந்து ஓட்டுவாரா, ஒவ்வொரு செஷன் முடிந்ததும் தனியாகப் பேசுவாரா. கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இருங்காட்டுக்கோட்டையில் நடத்தியிருக்கிறார்கள், அவர்கள் முறை எனக்குப் பிடிக்கும், ஒரு செஷனுக்கு ஒரே ஒரு பயிற்சிதான். முதல் லெவலில் முதல் பாடம் த்ராட்டில், ஒரே கியர், பிரேக் தொடக்கூடாது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். பிரேக் இல்லை என்றால் கார்னருக்கு எவ்வளவு வேகம் சரி என்று கண்தான் அளக்க வேண்டும், திரும்பத் தொடங்கும் இடத்தை முன்கூட்டியே முடிவு பண்ண வேண்டும், திறந்த த்ராட்டிலை மூடாமல் மெதுவாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பதற்றம் தன்னால் குறையும்.

லேப் டைமரை அன்றைக்கு ஒரு நாள் அணைத்து வையுங்கள், அப்புறம் செல்வா சொன்ன கணக்கெல்லாம் பாருங்கள்.

ஆவடி_ஆர்15:
ரொம்ப நன்றி. எக்ஸாஸ்ட்டை விட்டுவிட்டேன். சரி, பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் கார்னர் விட்டு எழும்ப உதவுமா?

கியர்_லீவர்:
உதவும், ஆனால் நீளமான ஸ்ட்ரெய்ட்டில் சீக்கிரமே ரெவ் லிமிட்டரில் (இன்ஜின் அதற்கு மேல் சுற்றாமல் தடுப்பது) முட்டும். முதலில் இப்போதைய கியரிங்கில் ஸ்ட்ரெய்ட் முடியும்போது எத்தனை ஆர்பிஎம் காட்டுகிறது என்று பார்த்து இங்கே போடுங்கள், அப்புறம் பல்லை எண்ணலாம்.